பிற்பகலின் பாடங்கள்

கேள்வி: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டுகிறேன். கணக்கும் இலக்கணமும் வாரம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. சித்திரம், இயற்கைப் பாடம், கைவேலை இவற்றுக்கு அவகாசம் எங்கே?

பதில்: விழுங்குகிற பாடத்துக்கு வாயைக் கட்டுங்கள், அம்மணி! 1886-இல் வீட்டுக் கல்வியைப் பற்றி நூல் வெளியிட்டு, பின்னர் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்து ஆம்பிள்சைடில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்த சார்லட் மேசன் அம்மையார், சிறுவர்களுக்கு எந்தப் பாடமும் இருபது நிமிஷத்தைத் தாண்டலாகாதென்று வரையறுத்து, ஏட்டுப் படிப்பைக் காலையிலேயே முடித்து, பிற்பகலை வெளியுலகத்துக்கும் கைத்தொழிலுக்கும் விட்டுவைத்த ரகசியம் அதுவே. சித்திரத்துக்கு, பருவத்துக்கு ஒரே ஓவியர். அவருடைய ஐந்தாறு படங்களில் ஒன்றைக் குழந்தை நெடுநேரம் உற்றுநோக்கி, படத்தை மூடிய பின் கண்டதைத் தன் சொற்களில் விவரிக்க, வாரத்தில் ஒரு கால்மணி போதும். உலாவப் போன இடத்தில் கண்ட மொட்டையோ வண்டையோ குழந்தை வர்ணம் தீட்டிவைக்கும் குறிப்பேட்டில் தாயின் திருத்தும் பேனா பிரவேசிக்கவே கூடாது. எனக்கு மிகவும் பிரியமான விதி இது. கைவேலையோ, வீட்டில் ஒருவருக்குப் பிரயோஜனப்படும் பொருளாகவே இருக்கட்டும். தான் தைத்த பிடிதுணியால் அம்மா கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவதைப் பார்த்து நிற்கும் சிறுமிக்கு வேறு பரிசு எதற்கு?