காடிலாக் பிரபு

கேள்வி: காடிலாக் காருக்கு அமெரிக்காவில் அப்படி என்ன மவுசு? பெயரே ஜமீன் பரம்பரை மாதிரி இருக்கிறதே!

பதில்: அந்த ஜமீனே டூப்ளிகேட்! 1701-ல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர், தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பிரபுப் பட்டம் அது. சரக்கு என்னவோ அசல்தான். 1908-ல் இங்கிலாந்தில் மூன்று காடிலாக்குகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கலந்து கொட்டினார்கள். 89 பாகங்களை ஒதுக்கிவிட்டு, பதிலுக்குக் கடை ஸ்டாக்கிலிருந்து எடுத்தார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மட்டும் அனுமதி; அரம் தொடக்கூடாது. மறுபடி பூட்டிய மூன்று கார்களும் 500 மைல் ஓடின! ஒரு காரின் பாகத்தை ராவாமல் இன்னொன்றில் பொருத்த முடியாத காலம் அது. 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஹேண்டில் சுற்றிக் கையை முறித்துக்கொண்டவர்கள் கும்பிட்டிருப்பார்கள். 1959-ல் ராக்கெட் போல வால் துடுப்பு. கொஞ்சம் ஓவர்தான், ஆனால் எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பெயரைக் கெடுத்தது 1982 மாடல் சிமரோன். சாதாரண செவர்லே கவாலியர் காருக்குத் தோல் இருக்கை போட்டு, காடிலாக் முத்திரை குத்தி, விலையை ஏற்றினார்கள். ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் இன்றும் அமெரிக்க ஜனாதிபதி ஏறுவது காடிலாக்தான். மைலேஜ் என்ன கொடுக்கிறது என்று அவர் கேட்பதில்லை.