பிளவக்கல்லும் பாலக்கல்லும்

அக்கா மகன் கார் வாங்கினான். கோயம்புத்தூரிலிருந்து செகண்ட்ஹேண்டில் வந்த கார். இன்ஜின் பெரிது, சத்தம் அதைவிடப் பெரிது. வாங்கிய மூன்றாம் நாள் போன் வந்தது.

"மாமா, வத்ராப் தாண்டி பிளவக்கல் ரோட்டுல நிக்கிறேன். கொஞ்சம் வாங்க."

'நிக்கிறேன்' என்று சொன்னது கௌரவத்துக்காக. போய்ப் பார்த்தால், மேற்கே அணையைப் பார்த்துப் போன கார் கிழக்கே பார்த்துத் திரும்பியிருந்தது. பின்சக்கரம் இரண்டும் வயலுக்குள், முன்சக்கரம் இரண்டும் ரோட்டில். பக்கத்துக் கூமாப்பட்டி ரீல்ஸில் உலகப்புகழ் பெற்றதிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு சாகசம் செய்கிறார்கள். பயல் செய்த சாகசம் இதுதான்: ஒரு தூறல் போட்ட ரோட்டில், வளைவில், ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறான்.

வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் காரைச் சுற்றி வந்தார். இன்ஜினைப் பார்க்கவில்லை, கலரைப் பார்க்கவில்லை. குனிந்து டயரைத் தடவினார். பட்டன் தேய்ந்து உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

"லாடம் அடிக்காம மாட்டைப் பூட்டிட்டீங்க தம்பி" என்றார்.

அத்தனை வருட மோட்டார் வரலாற்றையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு அவர் மடை பார்க்கப் போய்விட்டார். நான் அதைப் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்தவனுக்கு வந்த சாபம்.

டிராக்டர் வரும்வரை பயலுக்கு நான் வரலாறு எடுத்தேன். தப்பித்து ஓட அவனிடம் வண்டி இல்லை.

"இந்தப் பக்கத்துலயே பவர் ஜாஸ்தியான கார் எது தெரியுமா மாப்ள?"

"யார்கிட்ட இருக்கு மாமா?"

"ஆண்டாள்கிட்ட."

ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்தான். ஆடிப்பூரத்தன்று அதற்கு ஆயிரக்கணக்கான ஆள்சக்தி. பெட்ரோல் கிடையாது, மோரும் பானகமும்தான். வடத்தை ஒரு சேர இழுத்தால் தேர் கிளம்பிவிடும். கிளம்புவது பெரிய காரியமே இல்லை. வீதி முக்கில் திரும்புவதும், இறக்கத்தில் நிற்பதும்தான் காரியம். அதற்கென்றே சக்கரத்தின் ஓரமாகக் கட்டையும் கையுமாக நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டையைச் செருகி, அந்த மலையை அங்குலம் அங்குலமாகத் திருப்புவது அவர்கள்தான். வடம் பிடித்த வி.ஐ.பி.க்கு மறுநாள் பேப்பரில் படம் வரும். கட்டை போட்டவருக்குக் கையில் காய்ப்புதான் மிச்சம். இன்ஜினுக்கும் டயருக்கும் உள்ள உறவு அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது: பேர் ஒருவனுக்கு, பாடு ஒருவனுக்கு.

பிறகு பல தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்தன. ராக்கெட் வேகத்துக்காக யாரும் அதைக் கேட்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள். நம் சனத்துக்கு அந்த அறிவு உண்டு. சொந்தக் கார் வாங்கும்போதுதான் அது லீவில் போய்விடுகிறது.

சரி, ரப்பர் டயரின் பூர்வீகத்துக்கு வருவோம். அதுவும் மாட்டுத் தொழுவத்துப் பக்கம்தான் போய் நிற்கிறது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் தடதடவென்று ஆடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். உலகமே அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த யோசனைக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் காலத்தில் அதை மாட்ட ரோட்டில் கார் இல்லை. முகூர்த்தம் பார்க்காமல் கண்டுபிடித்தால் இப்படித்தான்.

அவருக்கும் முந்திய சார்லஸ் குட்இயர் கதை இன்னும் மோசம். வெயிலில் உருகி, குளிரில் உடைகிற ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உருப்படியாக்கியவர் அவர், ஆண்டு 1839. ஊருக்கெல்லாம் ரப்பர் ஒட்டியது, அவர் கையில் காசு ஒட்டவில்லை. 1860-இல் கடனோடு செத்தார். அவர் பேரில் இன்று ஓடுகிற டயர் கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. மரியாதைக்கு வைத்த பேர். உயிரோடு இருக்கும்போது ஒரு வாய் காபி வாங்கித் தராமல், செத்தபிறகு சிலை வைக்கிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

ஆரம்ப கால டயர் எல்லாம் உன் டயர் மாதிரியேதான் மாப்ள, வழவழ. மழை பெய்தால் கார் கதகளி ஆடும். 1908-இல் ஹார்வி ஃபயர்ஸ்டோன் டயரில் பட்டன் வெட்டினார். கோடு வெட்டவில்லை, புள்ளி வெட்டவில்லை. 'ஃபயர்ஸ்டோன், வழுக்காது' என்ற ஆங்கில எழுத்துகளையே டயர் முழுக்கக் கோணலாக வெட்டிவிட்டார். எழுத்தின் இடுக்குகளே பிடிமானம். ஈர மண்ணில் கார் போன பாதையெல்லாம் கம்பெனி விளம்பரம் அச்சாகும். சுவர் விளம்பரத்துக்கு இடம் பிடிக்க அலைகிற நம் கட்சிக்காரர்கள் இந்த மனுஷன் காலில் விழ வேண்டும்.

இன்னொருவர் ஜப்பானில். ஷோஜிரோ இஷிபாஷி. துணியில் காலுறை தைத்த குடும்பம். அதற்கு அடியில் ரப்பர் ஒட்டி உழைப்பாளிகளுக்கு விற்றார்கள். மனிதன் காலுக்கு ஒட்டிய ரப்பரைச் சக்கரத்துக்கும் ஒட்டினால் என்ன என்று 1931-இல் டயர் கம்பெனி தொடங்கினார். இஷிபாஷி என்றால் கல்பாலம். அதைத் திருப்பிப் போட்டு ஆங்கிலமாக்கினார்: பிரிட்ஜ்ஸ்டோன். நம் பாஷையில் பாலக்கல். அந்தப் பாலக்கல் 1988-இல் ஃபயர்ஸ்டோனையே விலைக்கு வாங்கியது. பிளவக்கல்லில் மாட்டிக்கொண்டவன் பாலக்கல்லின் கதையைக் கேட்க வேண்டாமா? அதில் உன் கார் வந்த கோயம்புத்தூரும் வருகிறது.

2005, ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். ஃபார்முலா ஒன் பந்தயம். பத்து டீம், இருபது கார், காருக்கு 900 குதிரைச் சக்தி வரைக்கும். நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் டீமின் மஞ்சள் காரில். இந்தியாவிலிருந்து அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். அந்த வருடம் மார்ச்சில்தான் களத்தில் இறங்கியிருந்தார். அந்தக் கார் மஞ்சளாக இருந்ததால் பின்னால் வருகிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

இருபதில் 14 கார்களுக்கு பிரான்சு தேசத்து மிஷலின் டயர். ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மூன்று டீமின் ஆறு கார்களுக்குப் பாலக்கல் டயர். அந்த வருடம் அரங்கத்தின் மாப்பிள்ளையே மிஷலின்தான். பிடிமானம் என்றால் அப்படிப் பிடிமானம். ஃபெராரிக்காரர்களே வாயில் விரலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த வருடத்துக்கென்று ஒரு விதி வேறு: தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான், நடுவில் மாற்றக்கூடாது. நிச்சயதார்த்தத்துக்குக் கட்டின வேட்டியோடு கல்யாணத்தையும் முடிக்கச் சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஆரம்பித்தது ஏழரை. அந்தத் தடத்தின் 13-ஆவது வளைவு சாய்வாகக் கட்டியது. அதில் உச்ச வேகத்தில் சாய்ந்து போக வேண்டும். போகிற கார் டயரின் பக்கச்சுவரைத் தரையோடு வைத்து அமுக்கும். ஃபெராரி ஓட்டுகிற ஷூமேக்கரின் தம்பி ரால்ஃபுடைய மிஷலின் டயர் அங்கே உயிரை விட்டது. கார் சுவரில் போய் மோதியது. முந்தின வருடமும் அதே வளைவில், அதே சுவரில் மோதி முதுகெலும்பில் அடி வாங்கியவர் அவர். நம்மூராக இருந்தால் அந்த முக்கில் ஒரு பிள்ளையாரை உட்கார வைத்து முடித்திருப்போம்.

மிஷலின்காரர்கள் டயரைப் பிரித்துப் பார்த்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாடல் டயரை விமானத்தில் வரவழைத்தார்கள். அதற்கும் அதே வியாதி. கடைசியில், "அந்த வளைவில் வேகம் குறைந்தாலொழிய எங்கள் டயருக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இதில் அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை மாப்ள. உனக்கு இந்தக் காரை விற்ற ஆள் என்ன சொன்னான்? "டயர் இன்னும் பத்தாயிரம் ஓடும் சார்."

பிறகு பஞ்சாயத்து. வளைவுக்கு முன்னால் ஒரு கோணல் பாதை போட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று மிஷலின் டீம்கள் கெஞ்சின. நம்ம பஞ்சாயத்தாக இருந்தால் ரெண்டு லோடு கிராவலைக் கொட்டி, சுண்ணாம்பு அடிக்காத வேகத்தடை ஒன்று எழுப்பி, ஞாயிறு காலையில் பந்தயத்தை ஆரம்பித்திருப்பார்கள். அங்கே இருந்தது சர்வதேச மோட்டார் சம்மேளனம். "சரியான டயர் கொண்டு வந்தவனுக்கு இது அநியாயம். வேண்டுமானால் அந்த வளைவில் நீங்கள் மட்டும் மெதுவாகப் போங்கள்" என்றார்கள். பந்தயத்தில் மெதுவாகப் போ என்பது, பந்தியில் உட்கார்ந்து மோந்து மட்டும் பார் என்பது மாதிரி. ஃபெராரிக்காரர்கள் கோணல் பாதைக்குச் சரி என்று தலையாட்டவில்லை. அவர்கள் டயருக்கு நோய் இல்லையே.

நம்ம ஊரில் நள்ளிரவு நெருங்குகிற நேரம். அங்கே லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது காரும் அணிவகுப்புச் சுற்றுக்குப் போயின. சுற்று முடிகிற இடத்தில் 14 கார்கள் வரிசையாக ஷெட்டுக்குள் திரும்பி, இன்ஜினை அணைத்துவிட்டன. இருபது இலை போட்டு, சாம்பார் வாளி வரும்போது 14 பேர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள்.

மிச்சம் ஆறே கார். 73 சுற்று. பார்வையாளர்கள் கூவினார்கள், பாட்டில் எறிந்தார்கள், சிலர் எழுந்து பார்க்கிங்கைப் பார்த்து நடந்தார்கள். ஆறே கார் ஓடிய அந்த அகலமான ரோட்டில் ஃபெராரி இரண்டும் ஒன்றோடொன்று உரசப் பார்த்ததுதான் விசேஷம்; அதில் ஒன்றை ஓட்டிய பாரிசெல்லோ புல்லில் இறங்கி ஏறினார். ஷூமேக்கர் முதலிடம், பாரிசெல்லோ இரண்டாமிடம். அந்த வருடம் 19 பந்தயத்தில் ஃபெராரி ஜெயித்தது இது ஒன்றுதான். மற்ற பதினெட்டும் மிஷலின் கார்களுக்கு.

இங்கேதான் நீ காது கொடுக்க வேண்டும் மாப்ள. பதினெட்டு ஊரில் ஜெயித்த டயர், இந்த ஓர் ஊரில் ஓடவே முடியவில்லை. பிடிமானம் போதாமல் அது தோற்கவில்லை. அந்த ரோட்டின் அமுக்கலைத் தாங்கும் உடம்பு அதற்கு இல்லை. பாலக்கல்லுக்கு எப்படித் தெரிந்தது? அவர்கள் வாங்கிப் போட்ட ஃபயர்ஸ்டோன்தான் இதே மைதானத்தில் நடக்கும் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுக்கிற கம்பெனி. அந்த ரோட்டின் குணம் அவர்களுக்கு அத்துபடி. உள்ளூர் மாப்பிள்ளைக்குத் தெரியாதா வாய்க்கால் வழுக்குமா வழுக்காதா என்று.

அதனால் காருக்கு டயர் பார்க்காதே, ரோட்டுக்குப் பார். வண்டி எவ்வளவு பெரிதானாலும் ரோட்டைத் தொடுகிற இடம் டயருக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். வேகம் எடுக்க, பிரேக் பிடிக்க, வளைவில் திரும்ப, மூன்றுக்கும் அந்த உள்ளங்கையிலிருந்துதான் செலவு. ஒரே சம்பளத்தில் வாடகை, மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ். வளைவில் திரும்பிக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தாய்; கையிருப்பு தீர்ந்தது, கடன்காரன் வயலில் கொண்டுபோய் விட்டான்.

டிராக்டர் வந்து இழுத்தது. மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு கடையில் புது டயர் பார்த்தோம். பயலுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். 205/55 ஆர்16 91வி என்று போட்டிருந்தால்: அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், உள்ளே 16 அங்குல ரிம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும். எச் என்றால் 210. அதே பக்கச்சுவரில் வேறோர் இடத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். ஜாதகம் பார்க்காமல் எதுவும் செய்யாத நாடு, டயர் ஜாதகத்தை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. வெட்டுகளின் இடுக்கில் அதற்கென்றே சின்ன மேடு வைத்திருக்கிறான். ஈர ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்த வெட்டுகள்தான். மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு மழைக்குத் தோதில்லாத டயர் வாங்குகிறவன் அதே வயலுக்கு அட்வான்ஸ் கொடுத்தவன்.

நாலு டயருக்கும் பில்லைப் பார்த்துப் பயல் முகம் சுண்டியது. அதை மறைக்க என்னைச் சீண்டினான்.

"அது சரி மாமா, உங்க கோயம்புத்தூர்க்காரர் என்ன ஆனாரு? ஆறு பேர்ல எத்தனையாவது?"

"நாலாவது."

"ஆறுல நாலா!" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். மிஷலின் அன்றைய பார்வையாளர்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தது; மறு வருடப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட் வாங்கியும் கொடுத்தது. 14 கார்களின் குதிரைச் சக்தி ஷெட்டில் நின்றது. லாடம் அடித்த ஆறும் வீடு சேர்ந்தன. நாராயண் கார்த்திகேயனுக்கு நாலாமிடத்துக்கு ஐந்து புள்ளி கிடைத்தது. இந்தியாவிலிருந்து போன ஓட்டுநர்கள் ஃபார்முலா ஒன்னில் இன்றுவரை எடுத்த மொத்தப் புள்ளி அந்த ஐந்துதான்.