ஜனவரி 3-க்கு மேல் நல்ல காலம்

மனிதனை எழுப்புவது ஒரு காலத்தில் மனிதன் பார்த்த உத்தியோகம். இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் அதற்கென்றே ஆள் உண்டு. நாக்கர்-அப் என்று பெயர். வாரத்துக்குச் சில பென்னி கூலி. இருட்டோடு இருட்டாக நீளக் கழியுடன் வந்து மாடி ஜன்னலைத் தட்டுவார். எழுந்துவிட்டேன் என்று உள்ளே இருப்பவர் முகத்தைக் காட்டும்வரை சிலர் இடத்தைவிட்டு நகர மாட்டார்களாம். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற அம்மாள் கழியையெல்லாம் தூக்கிக்கொண்டு அலையவில்லை. ஒரு குழலில் காய்ந்த பட்டாணியைப் போட்டு, வாயால் ஊதி, ஜன்னல் கண்ணாடியில் அடிப்பார். இன்னும் ஐந்து நிமிடம் தூங்குகிறேன் என்று கெஞ்சினால் பதிலுக்கு இன்னொரு பட்டாணி வரும். பிரிட்டன் 1916-ல் கோடை நேரம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து நாட்டின் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோதும் பட்டாணிக்கு அப்டேட் தேவைப்படவில்லை.

இவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது அலாரக் கடிகாரம். அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் 1787-ல் லெவி ஹட்சின்ஸ் என்ற கடிகாரத் தொழிலாளி ஒன்று செய்தார் என்பார்கள். அது காலை 4 மணிக்கு மட்டும் அடிக்கும். வேறு மணிக்கு வைக்க வழி கிடையாது. அவர் எழ வேண்டியது 4 மணிக்கு. ஊரார் எப்போது எழுந்தால் அவருக்கென்ன? அவரவர் விருப்பப்பட்ட மணிக்கு வைத்துக்கொள்ளும் அலாரத்துக்கு 1847-ல் பாரிஸில் அந்துவான் ரெடியே காப்புரிமை வாங்கினார். அப்புறம் நம் வீடுகள்வரை வந்து சேர்ந்தது டைம்பீஸ். தலையில் இரண்டு மணி, முதுகில் சாவி. ராத்திரி சாவி கொடுத்தால் காலையில் தெருவே எழுந்துகொள்ளும். கொடுக்க மறந்தால் அடிக்காது. அதில் இருந்த பக் அது ஒன்றுதான், அதுவும் நம்முடையது.

2007 ஜூன் 29 அன்று ஐபோன் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கேமரா, டார்ச், கால்குலேட்டர், பாட்டுப் பெட்டி எல்லாம் அதற்குள் குடியேற, டைம்பீஸும் பரணுக்குப் போனது. பல லட்சம் பேரின் விடியற்காலை ஒரே ஊரில், கலிஃபோர்னியாவின் குபர்ட்டினோவில், எழுதப்பட்ட சில வரி நிரலுக்குக் குத்தகை போயிற்று. மேரி அம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தெருதான் வேலைக்குத் தாமதம். இந்தக் குத்தகைதாரருக்கு உடம்புக்கு வந்தால் கண்டம் கண்டமாகத் தூங்கும். தூங்கவும் தூங்கியது.

முதலில் சிக்கிய நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. 2010 அக்டோபர் 3 அன்று அந்நாட்டின் தெற்கு மாநிலங்களில் கோடை நேரம் தொடங்கியது. திரையின் உச்சியில் ஐபோன் மணியைச் சரியாகக் காட்டியது. அலாரத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. தினமும் அடிக்கட்டும் என்று ரிப்பீட்டில் வைத்திருந்தவர்களை ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளப்பிவிட்டது. ஏழு மணிக்கு எழுப்பு என்றால் ஆறு மணிக்கு எழுப்பும் வேலைக்காரன் கிடைத்தால் நம்மில் சிலர் சம்பளத்தை உயர்த்துவோம். ஆஸ்திரேலியர்களுக்கு அந்த மனசு இல்லை; கூச்சல் போட்டார்கள். பிரச்சினை தெரியும், மருந்தும் தயார், நவம்பரில் வரும் என்றது ஆப்பிள்.

நவம்பரின் எந்தத் தேதியில் என்பதில்தான் விஷயமே இருந்தது. அக்டோபர் 31 ஞாயிறன்று ஐரோப்பா கோடை நேரத்தை முடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பின்னே தள்ளியது. மறுநாள் நவம்பர் 1, திங்கள்கிழமை. இந்த முறை அலாரம் ஒரு மணி நேரம் தாமதமாக அடித்தது. ஆஸ்திரேலியாவில் முன்னே ஓடியது இங்கே பின்னே நடந்தது. பிரிட்டனில் எத்தனையோ பேர் குளித்தும் குளிக்காமலும் ஆபீசுக்கு ஓடினார்கள். மேலதிகாரியிடம் “ஐபோன் ஏமாற்றிவிட்டது சார்” என்று சொன்னால் எடுபட்டிருக்குமா? அவருடைய போனும் ஐபோனாக இருந்தால் எடுபட்டிருக்கும். அவரே அப்போது வந்திருக்க மாட்டார். அடுத்த ஞாயிறு, நவம்பர் 7, அமெரிக்காவின் முறை. அக்டோபர் 3-லேயே மணி அடித்துச் சொல்லிவிட்ட ஒரு சங்கதி, அதைத் தயாரித்தவர்களின் சொந்த ஊரையே வந்து சேர்ந்தது. வாக்களித்த மருந்தை உள்ளடக்கிய ஐபோன் மென்பொருளின் 4.2.1 பதிப்பு நவம்பர் 22 அன்றுதான் வந்தது.

அதுவரை என்ன செய்ய? ஆப்பிளின் உதவிக் குறிப்பு ஒரு பரிகாரம் சொன்னது. அலாரத்தை ரிப்பீட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் மறுநாளுக்கு மட்டும் புதிதாக வையுங்கள். நவம்பர் 7-க்குப் பிறகு பழையபடி ரிப்பீட் போட்டுக்கொள்ளலாம்.

நிதானமாகப் படித்தால் இது எங்கேயோ கேட்ட நடை. இன்ன தேதிவரை நேரம் சரியில்லை, அதுவரை இன்னின்னதைத் தவிர்க்கவும், தினம் ராத்திரி இதைச் செய்யவும், தேதிக்குப் பின் எல்லாம் தானே சீராகும். தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் அச்சடிக்கும் பெயர்ச்சிப் பலன்தான் இது, ராசி மட்டும் பாக்கி. உலகத்தின் ஆகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஒன்று, மூளை கசக்கி, கடைசியில் வந்து நின்ற இடம் நம் ஜோசியர் வீட்டுத் திண்ணை.

கோடை நேரக் குளறுபடியில் இந்தியா தப்பித்தது. நாம் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுகிற ஜாதி இல்லை. உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் தள்ளிப் பார்த்ததுண்டு. ஆனால் அடுத்த பெயர்ச்சி எல்லா ராசிக்கும் பொது.

2011 ஜனவரி 1. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களுக்கெல்லாம் முதல் நாள். நாளை முதல் ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போகிறேன் என்று ராத்திரி போனில் அலாரம் வைத்துவிட்டுப் படுத்த உலகம், வெயில் முகத்தில் அடிக்க எழுந்தது. ஒரே ஒரு முறை அடிக்கும்படி வைத்த அலாரம் எதுவும் வாயே திறக்கவில்லை. அன்றும் அடிக்கவில்லை, மறுநாள் 2-ம் தேதியும் அடிக்கவில்லை. சனி, ஞாயிறு என்பதால் சேதம் குறைவு. விமானம் பிடிக்க வேண்டியவர்கள், விடுமுறையிலும் ஷிப்ட் உள்ளவர்கள் வயிறெரிந்தார்கள். தீர்மானம் எடுத்தவர்கள் பாடு கொண்டாட்டம். வரலாற்றில் முதல்முறையாக, நடக்கப் போகாததற்குக் கையில் நிரூபணம் இருந்தது.

ஆப்பிளின் புதிய பலன் உடனே வெளியாயிற்று. இந்த இரண்டு நாளும் அலாரத்தை ரிப்பீட்டில் வையுங்கள். ஜனவரி 3 முதல் எல்லா அலாரமும் ஒழுங்காக அடிக்கும்.

கவனித்தீர்களா? நவம்பரில் ரிப்பீட்டை விடு என்றார்கள். ஜனவரியில் ரிப்பீட்டைப் பிடி என்கிறார்கள். நவம்பர் பரிகாரத்தை நல்ல பிள்ளையாகக் கடைப்பிடித்து, ரிப்பீட் பக்கமே போகாமல், தினம் ராத்திரி புதிதாக அலாரம் வைத்துப் பழகிய பரம பக்தன் எவனோ அவன்தான் ஜனவரியில் வகையாக மாட்டிக்கொண்டான். அறிவிப்பு எதையும் படிக்காமல் ரிப்பீட்டிலேயே கிடந்த சோம்பேறி சொன்ன நேரத்துக்கு எழுந்தான். தர்மம் என்று ஒன்று இருந்தால் அது குபர்ட்டினோவுக்குப் போயிருக்கவில்லை.

ஏன் குறிப்பாக 3-ம் தேதி? ஆப்பிள் விளக்கவில்லை, புரோகிராமர்கள் பலர் கை நீட்டிய இடம் ஒன்று உண்டு. கணினி உலகத்தில் ஆண்டு இரண்டு வகை. ஒன்று நம் சுவர்க் காலண்டரில் இருப்பது. இன்னொன்று ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரத்தின் வாரக் கணக்கு ஆண்டு. அதில் வாரம் திங்களன்று பிறக்கும். எந்த வாரத்தில் ஆண்டின் முதல் வியாழன் விழுகிறதோ அதுதான் முதல் வாரம். 2011-ன் ஜனவரி 1 சனிக்கிழமை. ஆக அந்தச் சனியும் ஞாயிறும் இந்தக் கணக்கில் 2010-ன் கடைசி வாரம். 2011 பிறப்பது திங்கள், ஜனவரி 3. அட! நிரலில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டால் ஓர் ஆண்டு, சின்ன எழுத்தாகப் போட்டால் மற்றோர் ஆண்டு. கை தவறினால் உலகம் புத்தாண்டு கொண்டாடும்போது போன் போன வருடத்தில் குறட்டை விடும்.

நாம் சிரிக்கலாமா என்றால் யோசிக்க வேண்டும். 2020-ல் சனிப் பெயர்ச்சி எப்போது என்று கேட்டபோது திருக்கணிதம் ஜனவரி 24 என்றது, வாக்கியப் பஞ்சாங்கம் டிசம்பர் 27 என்றது. பதினோரு மாதம் சனி பகவான் இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் திருநள்ளாற்றில் யாரும் தூங்கிப்போகவில்லை. இரண்டு கணக்கு இருக்கிறது என்பது நம் ஆட்களுக்குத் தெரியும்.

இந்தக் கைங்கரியத்தில் ஆப்பிள் முன்னோடி என்று சொன்னால் மைக்ரோசாஃப்ட் கோபித்துக்கொள்ளும். ஐபாடுக்குப் போட்டியாக அவர்கள் விட்ட பாட்டுப் பெட்டி ஜூன் (Zune). 2008 டிசம்பர் 31 அன்று, 30 ஜிபி ஜூன்கள் உலகெங்கும் ஒட்டுமொத்தமாக உறைந்தன. அது லீப் ஆண்டு. அன்று ஆண்டின் 366-ம் நாள். உள்ளே நடந்த உரையாடல் ஏறத்தாழ இப்படி. நாள் எண் 365-ஐவிட அதிகமா? ஆமாம். லீப் ஆண்டா? ஆமாம். அப்படியானால் 366-ஐவிட அதிகமா? இல்லை, சரியாக 366. சரி, மறுபடி முதலிலிருந்து வா. நாள் எண் 365-ஐவிட அதிகமா? ஆமாம்... பேட்டரி சாகும்வரை இதே விசாரணை. நம் தாலுகா ஆபீசில்கூடச் சாயங்காலம் கதவைச் சாத்துவார்கள். மைக்ரோசாஃப்ட் தந்த தீர்வு என்ன தெரியுமா? பேட்டரி முழுதாகத் தீரட்டும். ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டட்டும். அதன்பின் சார்ஜ் போடுங்கள். தேதி மட்டுமல்ல, ஹோரையும் குறித்துக் கொடுத்தார்கள். ஆப்பிளைவிடத் தேர்ந்த ஜோசியர்கள்.

2011 மார்ச் 13-ல் அமெரிக்கா கடிகாரத்தை முன்னே தள்ள, சிலருடைய ஐபோன்கள் பின்னே போனதாக மறுபடி ஒரு புகார் எழுந்தது. அதற்குள் மக்களுக்குப் பழகிவிட்டது. 2012 நவம்பரில் கூகிளின் ஆண்ட்ராய்டு 4.2, தொடர்புகள் செயலியில் பிறந்தநாள் குறிக்கும் இடத்தில் டிசம்பர் மாதத்தையே காணோம் என்று ஆக்கியது. மார்கழிக்காரர்கள் பாதிப்பேரைப் பிறக்காதவர்களாக்கிய இந்த அநியாயத்தை 4.2.1 சரிசெய்தது. ஏசுநாதர் பொறுத்துக்கொண்டார்.

சிகரம் 2013 புத்தாண்டு. ‘தொந்தரவு செய்யாதே’ என்றொரு வசதியை ஐபோனின் ஐஓஎஸ் 6-ல் கொடுத்திருந்தார்கள். ராத்திரி இத்தனை மணியிலிருந்து காலை இத்தனை மணிவரை அழைப்பு எதுவும் சத்தம் போடாது. ஜனவரி 1 காலையில் அந்த மௌனவிரதம் குறித்த நேரத்துக்கு முடியவில்லை. விடிந்து வெகுநேரம் ஆகியும் போன் ஊமை. வாழ்த்துச் சொல்ல யாருமே கூப்பிடவில்லையே என்று மனம் வெதும்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது, ஊரே கூப்பிட்டிருக்கிறது என்று. இதில் விசேஷம், வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகளைப் போட்டு அதே வசதிக்கு எடுத்த டிவி விளம்பரம் சரியாக அந்தச் சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் கனவில் அவர்களோடு டேபிள் டென்னிஸ் ஆடுகிறான். வரும் அழைப்பு அவன் தூக்கத்தைக் கலைப்பதில்லை. விளம்பரத்தில் சொன்னதற்கு மேலேயே செய்துகாட்டிய பொருளை நான் வேறு பார்த்ததில்லை. ஆப்பிளின் பலன் வழக்கம்போல: ஜனவரி 7-க்குப் பிறகு தானே சரியாகும், அதுவரை கையால் அணைத்துக்கொள்ளவும்.

போன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2015-ல் துருக்கியில் நவம்பர் 1 அன்று தேர்தல். அதை முன்னிட்டு, அக்டோபர் 25-ல் முடிய வேண்டிய கோடை நேரத்தை அரசு இரண்டு வாரம் நீட்டிவைத்தது. இந்தச் சேதி பல போன்களின் காதில் விழவில்லை. அவை பழைய விதிப்படி தாமாகவே ஒரு மணி நேரம் பின்னே போயின. ஒரே வீட்டில் போனில் ஒரு மணி, சுவரில் ஒரு மணி. இப்போது மணி என்ன என்று நாடே ட்விட்டரில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் போன்கள் செய்த ஒரே குற்றம், விதியை மதித்தது.

2024 ஏப்ரல் கடைசியில் பழைய வியாதி திரும்பியது. அலாரம் அடிக்கிறது, ஆனால் சத்தமில்லாமல் அடிக்கிறது என்றார்கள் ஐபோன்காரர்கள். நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தை அடையாளம் கண்டு ஒலியைக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று அதில் இருப்பதால், சந்தேகம் பலருக்கு அதன்மேல் போயிற்று. இவர்தான் விழித்திருக்கிறாரே, எதற்குக் கத்த வேண்டும் என்று போன் மரியாதை பார்த்திருக்குமோ? மேரி அம்மாளுக்கு இந்தப் பண்பாடு கிடையாது. பிரச்சினை தெரியும், சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்றது ஆப்பிள். தேதி மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருடமாகப் பலன் பார்த்துப் பழகிய பக்தர்களுக்கு அதுதான் பெரிய குறை.