பேராண்டி நாய்க்கு ஒரு பிஸ்கோத்து டப்பா

வாடா பேராண்டி. பெங்களூருல இருந்து காருல வந்து எறங்குனதுல எது மொதலாளி, எது நாயின்னு எனக்கு இன்னும் புடிபடல. அதுக்குப் பொறந்த நாளுன்னு கேக்கு வெட்டுனியாமே, உங்க ஆயா சொன்னா. நல்லா இரு. எனக்கு நான் பொறந்த நாளே தெரியாது. ஆனா சாக்லேட்டு நாய்க்கு வெசம்னு தெரியும். படிச்சவன் நீ, உனக்குத் தெரியாமயா இருக்கும்!

கோமுகி அணைப் பக்கம் நாய ஓட வுட்டு, காலுல முள்ளு ஏறி நொண்டுனதும் நீ எதைத் தேடுன? உன் தலைவலி மாத்திரைய. அதான் நாய்க்கு ஒரு மொதலுதவி டப்பா வேணுங்கறேன்; அதுல என்ன வைக்கக் கூடாதுன்னு மொதல்ல சொல்றேன். மனுசன் மாத்திரை ஒண்ணும் கூடாது. வலி மாத்திரை நாய்க்குக் குடலப் புண்ணாக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரையே எமன்; அதைச் செரிக்க அது ஈரலுக்குத் தெரியாது. ரத்தம் பழுப்பாவும், மூச்சு முட்டும், முடிஞ்சுது.

இப்ப பழைய பிஸ்கோத்து டப்பா ஒண்ணு எடு. மொத சாமான் என் பழைய வேட்டி. சிரிக்காத. நீளமாக் கிழிச்சுச் சுருட்டி வையி. வலியில கெடக்குற நாயி எசமான்னு பாக்காது, புடுங்கிடும். மூக்கு மேல ஒரு சுத்து சுத்தி, தாடைக்கு அடியில மாத்தி, ரெண்டு காதுக்கும் பின்னால கொண்டு போயி, இழுத்தா அவுர்ற மாதிரி முடிச்சு போடு. வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்குனாலோ கட்டாத. மூஞ்சி சப்பையா இருக்கே பணக்கார நாயி, அதுக்கு இது நிக்காது. மூக்கு வாங்கவே காசு பத்தல போல!

அப்புறம் காஸ் துணி. பஞ்சு வேணாம், புண்ணுல இழை இழையா ஒட்டிக்கும். கழுவ சலைன் பாட்டிலு. ரத்தம் வந்தா காஸ வச்சு அமுக்கிப் புடி. நின்னுச்சா நின்னுச்சான்னு நடுவுல தூக்கிப் பாக்குற புத்திய வுடு, ஒறைஞ்சது பேந்துடும்.

தெர்மாமீட்டரு ஒண்ணு. வாயில வைக்க முடியாது. எங்க வைக்கணும்னு கெழவன் வாயால சொல்ல வைக்காத. நுனியில வாசலீன் தடவிக்க. 101ல இருந்து 102.5 வரைக்கும் நாய்க்குச் சாதாரணச் சூடு. உனக்கு 102ன்னா லீவு லெட்டரு, அதுக்கு 102ன்னா வாலாட்டம்.

முள்ளுவாங்கி மறக்காத. முள்ளுக்கும் அதான், உண்ணிக்கும் அதான். கரும்புக் கொல்லைப் பக்கம் போயிட்டு வந்தா காது மடல்லயும் வெரல் சந்துலயும் தேடு. தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழு. மண்ணெண்ண ஊத்துறது, பீடியால சுடுறது எல்லாம் நம்மூரு வைத்தியம். அப்படிச் செஞ்சா உண்ணி உள்ள வச்சிருக்கிற அழுக்க எல்லாம் கக்கிட்டுத்தான் சாவும்.

ஊருலயே தங்கி ஆடு வளக்கப் போறியாமே? அதுக்கும் கேட்டுக்க. கல்வராயன் அடிவாரத்துல மரவள்ளிக்குப் பஞ்சமா? அந்த எலைய மேஞ்சா மூச்சுத் தெணறிச் சாயும். உள்ள சயனைடு. மோருக்கும் மந்திரத்துக்கும் கட்டுப்படாது, டாக்டரு ஊசிக்குத்தான் கட்டுப்படும். அதனால டப்பா மூடியில நம்பரு எழுதி வையி: 1962. கால்நடை வண்டிக்குக் கூப்புடுற நம்பரு. சீனாக்காரன் சண்டைக்கு வந்த வருசம், எனக்கு மறக்காது. நீ எழுதியே வையி. பெரிய எடம் வேணும்னா தலைவாசல் பக்கம் வி.கூட்டுரோட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

சோப்பு ஒண்ணு போடு. அது நாய்க்கு இல்லடா, உனக்கு. கடிச்சாலும் நகம் கீறுனாலும் ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு ஆசுபத்திரிக்கு ஓடு. சுண்ணாம்பு அப்புறேன்னு எவனாவது வந்தா அவன் வெத்தலைக்கே தடவச் சொல்லு. மந்திரிக்கக் கூப்புட்டா தாராளமாப் போ, ஊசி போட்டுக்கிட்டுப் போ. நாயோட வெறிநோய் ஊசி அட்டையும் டப்பாவுலயே கெடக்கட்டும்.

நகம் ஒடைஞ்சு ரத்தம் வந்தா படிகாரக் கட்டிய நனைச்சு அமுக்கணும். கடைக்குப் போறப்ப ரெண்டு கட்டியா வாங்கு. ஒண்ணு நாய்க்கு. தாடி வழிக்கிற கெழவனுக்கு ஒண்ணு.