ஒலிவச் சரிவில் வாடகை வாசம்: படிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மலைச்சரிவிலே கட்டப்பட்டு, ஒலிவத் தோப்பினால் சூழப்பெற்று, கீழே கடல் தெரியும்படி அமைந்த வீடொன்றை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து வாசம் செய்தல் என்னும் கிரியையை அனுஷ்டித்தவர்கள், புகைப்படங்களை ஏராளமாக விட்டுச் சென்றிருக்கிறார்களேயன்றி, பின்வருவோர்க்கு உதவும் சாஸ்திரம் எதையும் செய்து வைக்கவில்லை. அக்குறையை நிவர்த்திக்க எழுந்ததே இவ்வாராய்ச்சி. ஆராய்ச்சிக்கு ஒரு ஸ்தலம் வேண்டுமாதலால், கிரேக்க தேசத்தின் மேற்கே அயோனியக் கடலிலுள்ள கோர்ஃபு தீவை, அதிலும் அல்பேனிய மலைகள் எதிரே தெரியும் அதன் வடகிழக்குக் கரையை எடுத்துக்கொள்வோம்.

இத்துறையின் ஆதி புருஷன் ஒடிஸியஸ். தெப்பம் சிதறிக் கரையொதுங்கிய அவ்வீரன், நீருக்கு மேலே மேட்டிலிருந்த சோலைக்கு ஏறிச் சென்று, ஓரிடத்தில் பின்னிப் பிணைந்து வளர்ந்திருந்த இரண்டு புதர்களின் அடியிலே, அவற்றுள் ஒன்று ஒலிவம், சருகைக் குவித்து உறங்கினான் என்று ஹோமர் தம் 'ஒடிஸி'யின் ஐந்தாம் காண்டத்தில் கூறுகிறார். அந்தக் கரை தங்கள் தீவினுடையதே என்று கோர்ஃபுவாசிகள் பண்டுதொட்டு உரிமை கொண்டாடி வருகின்றனர். சரிவு, ஒலிவம், கடல் ஆகிய மூன்று இலக்கணங்களும் இங்கே பொருந்துகின்றன. வாடகை இல்லை, முன்பணம் இல்லை, உடைந்த கோப்பைக்குக் கணக்குக் கேட்பாரும் இல்லை. உடுக்கத் துணியும் இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்லுவர்.

அடுத்த பிரமாணம் ரோமாபுரியின் இளைய பிளினி. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இக்கனவான், கோமோ ஏரிக்கரையிலே தமக்கிருந்த மாளிகைகளுள், பாறைமேல் உயர்ந்து நின்றதற்குத் 'துன்பியல்' என்றும், கரையோடு தாழ்ந்து கிடந்ததற்கு 'இன்பியல்' என்றும் பெயரிட்டார். துன்பியல் நடிகர் உயர்ந்த காலணியும் இன்பியல் நடிகர் தட்டையான செருப்பும் அணிந்தமையே அதற்குக் காரணமென்று தம் கடிதத்தில் விளக்குகிறார். மேல் வீட்டிலிருந்து மீன் பிடிப்போரைப் பார்க்கலாம். கீழ் வீட்டிலோ படுக்கையில் இருந்தபடியே தூண்டில் போடலாம். ஆயினும் பிளினி ரொட்டி வாங்கத் தாமே ஏறி இறங்கியவரல்லர். அதற்கு அடிமைகள் இருந்தனர். ஆகையால் துன்பியலின் முழுத் துன்பமும் அவர் அனுபவத்துக்கு எட்டியதாகக் கொள்வதற்கில்லை.

இத்தனை ஒலிவ மரங்களும் இயற்கையின் கொடையென்று எண்ணுவது பூர்வபட்சம். 1386 முதல் 1797 வரை தீவை ஆண்ட வெனிஸ் குடியரசு, எண்ணெய்த் தேவையை உத்தேசித்து, மரம் நட்டவர்க்குச் சன்மானம் அளித்து நடச் செய்ததன் விளைவே இத்தோப்புகள் என்பது சித்தாந்தம். மரங்களைக் குட்டையாகக் கழிக்காமல் வானளாவ விட்டுவிடுவதும், பழம் தானே உதிரும்வரை காத்திருந்து கீழே விரித்த வலைகளில் ஏந்திக்கொள்வதும் இத்தீவின் பழக்கம். கோடையிலே அக்கரிய வலைகள் சுருட்டப்பட்டு மரக்கவட்டில் செருகிக் கிடக்கும். அவற்றை ஊஞ்சலென்று மயங்கி அவிழ்க்கப் புகும் வாரவாசிக்கு, தோட்டத்துக் கிழவியின் கிரேக்க மொழி வல்லமை அக்கணமே பிரத்தியட்சமாகும். நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறொன்று. 906 மீட்டர் உயர்ந்த பாண்டோக்ரேட்டர் மலை இவ்வடகிழக்குக் கரையிலே கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குவதால், தோப்புகளுக்காகச் சரிவைக் கற்சுவர் கட்டி அடுக்கடுக்காகத் திருத்தி, ஏறி இறங்கப் படிவழியும் அமைத்தார்கள். கழுதைக்கும் காய் பொறுக்குவோர்க்கும் ஏற்பட்ட அவ்வழியே இன்று விருந்தினரின் வழியும் ஆயிற்று.

'கடலுக்கு ஐந்து நிமிஷம்' என்று விளம்பரம் சொல்லுகிறது. அது பொய்யன்று; இறங்குவோனுடைய நிமிஷம். ஏறுவோனுடைய நிமிஷத்தை அளக்கும் கடிகாரம் முழங்காலுக்குள் இருப்பதால் உரிமையாளருக்குப் புலப்படுவதில்லை. காட்சி எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்குப் படியும் பெருகும் என்பதை இச்சாஸ்திரத்தின் முதல் சூத்திரமாகக் கொள்க.

இனி, இவ்வாசம் எத்திணையைச் சார்ந்தது? மலை குறிஞ்சி, கடல் நெய்தல். திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியர் இடங்கொடுத்திருப்பதால் இரண்டும் விரவியதென்று சொல்லி அப்பால் போய்விடலாம். நுணுகி நோக்கினாலோ, ரொட்டி வாங்குதல் என்னும் ஒரே காரியத்தில் ஐந்திணையும் அடங்கக் காணலாம். வந்த அன்று மாலை, முற்றத்தில் நாற்காலிகளை அருகருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, அல்பேனிய மலைக்குப் பின்னே நிலா எழுவதைக் கண்டிருந்த தம்பதியர் குறிஞ்சிக்குரியோர். விடிந்ததும் கடைக்கு யார் போவது என்ற விசாரம் பிறக்கிறது. “நேற்றுத் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்தது யார்?” என்கிறார் ஒருவர், “பெட்டிகளைச் சுமந்தது யாராம்?” என்கிறார் மற்றவர். இது ஊடல், வயல் இல்லாவிடினும் மருதமே. ஊடல் நீண்டு பொழுதேறிய பின் தலைவன் இறங்கிப் போக, தலைவி காப்பியை அடுப்பிலேற்றி ஆற்றியிருப்பது முல்லை. கக்கத்தில் ரொட்டியும் தோளில் தர்ப்பூசணியுமாக, சிள்வண்டுகள் இரைச்சலிடும் உச்சி வெயிலில், சுடுகற்படிகளிலே அவன் மீண்டு வருவதைப் பாலையென்னாமல் வேறென்னென்பது? வீடு சேர்ந்து பையைக் கவிழ்த்தபோது உப்பு வாங்க மறந்தது தெரியவர, இருவரும் கடலை நோக்கிப் பெருமூச்செறிவது இரங்கல், ஆதலின் நெய்தல்.



‘உயரம் போகாமல் காட்சி ஏது?’ என்று ஆட்சேபிப்போர்க்கு ஒன்று சொல்லுவேன். ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் டரல் 1930-களின் பிற்பகுதியில் வாடகைக்கிருந்த வெள்ளை வீடு, அதே வடகிழக்குக் கரையில் காலாமி என்னும் ஊரிலே நீரோரத்தில் நிற்கிறது. இன்றும் விருந்தினர்க்கு வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த வாசத்தின் பயனாக, 1945-இல், தீவைப் பற்றி 'பிராஸ்பெரோஸ் செல்' என்ற நூல் வெளிவந்தது. இன்பியல் வீட்டில் இருந்தவருக்கு எழுத மூச்சு மிச்சமிருந்தது என்பதே என் துணிபு.

ஆகவே அடுத்த கோடைக்கு இத்தகைய வீடு தேடும் அன்பர்கள், படுக்கையறையிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்டுப் பொழுது போக்க வேண்டாம். தெரியாத வீடு அச்சரிவில் அபூர்வம். ரொட்டிக் கடைக்குப் படி எத்தனை, பிடித்து ஏறக் கைப்பிடி உண்டா என்ற இரண்டையும் உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகே முன்பணம் அனுப்புக.