எழுத்துக்கு எட்டுக் கோடி

அம்பாசிடர் என்னும் திருநாமத்துக்கு உரியவர்களான ஸ்டெல்லாண்டிஸ் கம்பெனிப் பெருந்தகைகளின் சமூகத்துக்கு, அந்த நாமத்தை டிக்கியில் தாங்கிய வண்டியைச் சேத்தூரில் இன்னும் வாடகைக்கு ஓட்டுகிறவன் எழுதும் விண்ணப்பம்.

போன முகூர்த்தத்தில் ராஜபாளையத்து மண்டபம் ஒன்றுக்கு என் வண்டியைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை ஏறினார், சாய்ந்தார், கூலிங் கிளாஸ் போட்டுப் போட்டோ எடுத்தார். பிறகு இறங்கி வேறு காரில் ஊர்வலம் போனார். என்னை ஜெனரேட்டர் பக்கம் ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, கேமராக்காரத் தம்பி செல்லில் ஒரு படம் காட்டினான்: “புது அம்பாசிடர் வருதாம்ல அண்ணாச்சி, அது வந்ததும் சொல்லுங்க, அதையே பிடிச்சுக்கிறோம்.”

அந்தப் படத்தை நான் 2022-லேயே பார்த்துவிட்டேன். ‘அம்பாசிடர் 2.0’, ரெண்டே வருஷத்தில் ரோட்டுக்கு வரும், நம்ம சென்னைப் பக்கமே தயாராகும் என்று பேப்பரெல்லாம் போட்டார்கள். அதற்கும் முன்னால் 2008-ல் கார் வடிவமைப்பாளர் திலீப் சாப்ரியா தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் அம்பாசிடரை ஊதிப் பெருக்கி ‘ஆம்பியரோட்’ என்று நிறுத்தினார். அது மேடையோடு சரி. உங்களுடையது மேடைக்குக்கூட வரவில்லை.

இருந்தாலும் உங்கள் ரசனையே ரசனை. 1958-லிருந்து 2014 வரை ஓடிய வண்டியில் இரும்பு வேண்டாம், இன்ஜின் வேண்டாம், பெயர் போதும் என்று 2017-ல் உங்கள் பெஜோ 80 கோடி கொடுத்தது. இங்கிலீஷில் பத்து எழுத்து. எழுத்துக்கு எட்டுக் கோடி. என் டிக்கியிலிருந்து ‘எஸ்’ ஒன்று கழன்று விழுந்ததை வீட்டுக்காரி குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டாள். எட்டுக் கோடி! மிச்சம் 72 கோடியை ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன். பெயருக்கே இந்த விலையென்றால் பானெட்டுக்கு என்ன போடுவீர்கள்? குற்றால சீசனில் சிவகிரி, புளியங்குடி வழியாகப் பத்துப் பேரை அள்ளிப்போன சீட்டுக்கு?

அம்பாசிடரைச் செய்த பழைய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் லான்சர் செய்த இடத்தில்தான் இப்போது உங்கள் சிட்ரோயன் தயாராகிறது. பெயரும் கையில், இடமும் கையில். அப்புறம் என்னய்யா தடை? அம்பாசிடர் தயாரான உத்தரபாரா ஆலையை மூடியபோது 2,000 பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அவர்கள் பாக்கியையும் கடனையும் அடைக்கத்தான் பெயரை விற்கிறோம் என்றார்கள் விற்றவர்கள். சரி, விற்றாயிற்று. வாங்கிய நீங்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவா வாங்கினீர்கள்? செய்கிற உத்தேசம் இல்லையென்றால் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால், ஊரில் எவனும் என் மூஞ்சியில் செல்லை நீட்ட மாட்டானே!

மன்னிக்க வேண்டும். தங்கள் பெருமைக்கு முன்னால் அடியேன் குரல் உயர்ந்துவிட்டது.

காரியத்துக்கு வருகிறேன். பின்பக்க இடது கதவின் கைப்பிடி உடைந்து, சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். மதுரையில் பழைய சாமான் கடைகளில் தேடியாயிற்று, கிடைக்கவில்லை. பெயருக்கு உரியவர்கள் என்ற முறையில், அது எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எழுதும்போது சுருக்கமாகவே எழுதுங்கள். தங்கள் எழுத்தின் விலை எனக்குத் தெரியும்.