தண்ணீர் தெளித்த தரவு

திண்டுக்கல், மக்கள்தொகை, 2,07,327. இணைப்புத் தரவு என்கிறார்களே, அதில் ஊரைப் பற்றி இப்படித்தான் மூன்று துண்டாக எழுதி வைப்பார்கள். கணினிக்குப் புரிய வேண்டுமாம். புரிந்துவிட்டது. ஒரு தளத்தைப் பார்த்து இன்னொன்று எழுதிக்கொள்ளும், அதைப் பார்த்து வேறொன்று. கடைசியில் நாலு தளமும் ஒரே குரலில் ஒரே எண்ணைச் சொல்லும். நாலு பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

சரிதான், இன்று 2011 மார்ச் 1 என்றால். அந்த நாளின் குடிமதிப்பு அது. அப்போது திண்டுக்கல் நகராட்சி. 2014இல் மாநகராட்சி ஆனது. 2021இல் எண்ணியிருக்க வேண்டியதைக் கொரோனாவைக் காட்டித் தள்ளினார்கள். கொரோனா போன பிறகு எதையும் காட்டாமலே தள்ளினார்கள். 2025 ஜூனில்தான் மனமிரங்கி, 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தார்கள். 2011 மார்ச் 2ஆம் தேதி திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்த பிள்ளை அன்றைக்குப் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருக்கும். குடிமதிப்பின்படி அது இன்னும் பிறக்கவில்லை. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரித்ததும் அந்தப் பிள்ளை இல்லாத கணக்கை வைத்துத்தான்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010இல் திறந்த தரவுக்கு ஐந்து நட்சத்திரம் வகுத்தார். திறந்த உரிமத்துக்கு ஒன்று, கணினி படிக்கும் வடிவத்துக்கு ஒன்று, எந்தக் கம்பெனியும் பூட்டி வைக்காத வடிவத்துக்கு ஒன்று, இணைய முகவரிக்கு ஒன்று, பிறர் தரவோடு இணைத்தால் ஐந்தாவது. ஊசிப்போயிற்றா என்று முகர்ந்து பார்ப்பதற்கு மட்டும் நட்சத்திரம் கிடையாது. பதினைந்து வருடப் பழையதையும் ஐந்து நட்சத்திரத்தோடு பரிமாறலாம்.

'கடைசியாகப் புதுப்பித்தது' என்று ஒரு தேதி போட்டிருக்கிறதே என்பீர்கள். நம்ம ஊர்ப் பூ மார்க்கெட்டில் நேற்றைய மல்லிகையில் தண்ணீர் தெளித்து வைப்பார்களே, அந்தத் தேதி அதுதான். கோப்பை மறுபடி ஏற்றிய நாளைச் சொல்லும். உள்ளே இருப்பதை யாராவது போய்ப் பார்த்த நாளைச் சொல்லாது. விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் மக்கள்தொகை எண்ணோடு அது எந்த நாளுக்குரியது என்று குறிக்க இடம் உண்டு. அள்ளிப் போகிறவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு நாளை அங்கேயே உதறிவிட்டால் யார் கேட்பது?

2012இல் தொடங்கிய ஓர் ஆய்வு, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புத் தரவு ஆவணங்களை வாராவாரம் எடுத்துப் பார்த்தது. 29 வாரத்தில் ஏறத்தாழ 62 சதவீதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 5 சதவீதம் ஆளையே காணோம். மாறாததெல்லாம் கெட்டது என்று சொல்ல வரவில்லை; திண்டுக்கல் மலைக்கோட்டை எந்த அட்சரேகையில் நிற்கிறது என்பதை வாரம் ஒருமுறை திருத்த வேண்டியதில்லை. எது நகரும், எது நகராது என்று பிரித்துப் பார்க்காதவன் கையில் தரவு இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

தரவு ஊசிப்போயிற்றா என்று பார்க்கும் சோதனை ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. மாறிய நாள் நமக்கே தெரிந்த சங்கதிகளாகப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான். எம்.பி. யார்? 2019இல் வேலுச்சாமி, 2024இல் சச்சிதானந்தம். நகராட்சியா, மாநகராட்சியா? 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி பட்டியலில் உண்டா? பூட்டுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு ஏறியிருக்கிறதா? ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம் பின்தங்குகிறது என்று கூட்டிப் பார்த்தால், அந்தத் தளத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஏன் இப்படிப் பின்தங்குகிறது என்று கேட்டால், ஆளில்லை, நிதியில்லை, சர்வர் டவுன் என்று பதில் வரும். தெரிந்ததுதான். ஆட்சி மாறட்டும், மந்திரி படம் மட்டும் பதவியேற்ற சாயங்காலமே அரசுத் தளத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழையவர் சிரித்த இடத்தில் புதியவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் கீழே, அதே பக்கத்தில், 2,07,327.